புகைப்படப் போட்டியும் கண்காட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டிகளில் தள்ளப்படும் படங்கள் எல்லாமே சுமாரான படங்கள் இல்லை. நல்ல படம் தவறான பிரிவில் போகும். விதியைப் படிக்காமல் திருத்தப்பட்டிருக்கும். அனுப்பிய பைலில் நிறம் செத்திருக்கும். கண்காட்சியிலும் இதே கதைதான்: மாதக்கணக்கில் எடுத்த படத்தைக் கடைசி வாரத்தில் அவசரமாகப் பிரிண்ட் போட்டுக் கெடுத்துவிடுவார்கள். இந்த இழப்புகள் எல்லாம் தவிர்க்கக் கூடியவை.

முதன்முறையாக அனுப்பப் போகிறேன். எங்கே தொடங்குவது?

உங்கள் ஊர்ப் புகைப்படக் கழகத்தில் தொடங்குங்கள். சென்னையில் 1857-இல் தொடங்கிய போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் இருக்கிறது. மற்ற பெரிய ஊர்களிலும் சிறு கழகங்கள் உண்டு. கழகத்துக்குள் நடக்கும் போட்டியில் கிடைக்கும் பெரிய லாபம், உங்கள் படம் ஏன் தேறவில்லை என்பதை நடுவர் வாயாலேயே கேட்க முடியும் என்பது. இணையவழிப் போட்டிகளில் ஓர் எண்தான் வரும், காரணம் வராது.

அதற்கு அடுத்த படி சலான் என்ற வகைப் போட்டி. அதன் விளக்கம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. உலக அளவில் பெயர் பெற்ற போட்டிகளையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து 1955 முதல் இயங்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் அது தொழில்முறைச் செய்திப் படக்காரர்களுக்கானது. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நடத்தும் வைல்ட்லைஃப் போட்டோகிராபர் ஆஃப் தி இயர் போட்டியில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவும் கட்டண விலக்கும் உண்டு. வீட்டில் கேமரா பிடிக்கும் பிள்ளை இருந்தால் இது உங்கள் கண்ணில் பட வேண்டிய செய்தி.

சலான் என்றால் என்ன? மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

கழகங்கள் நடத்தும், சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் பெற்ற போட்டிக்குச் சலான் என்று பெயர். 1950-இல் உருவான ஃபியாப் (FIAP, பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), அமெரிக்காவில் 1934-இல் தொடங்கிய பிஎஸ்ஏ (PSA, போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா) ஆகிய இரண்டும் முக்கியமான அமைப்புகள். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சலானுக்கும் ஓர் எண் தரப்படும். விதிமுறைப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா, அமைப்பின் தளத்தில் அதே எண் அதே சலானுக்குத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தேர்வான ஒவ்வொரு படமும் 'அக்செப்டன்ஸ்' என்று கணக்கில் சேரும். ஏஃபியாப், ஈஃபியாப் போன்ற பட்டங்களுக்கு விண்ணப்பிக்க இந்தக் கணக்குதான் ஆதாரம். அதனால் முதல் படத்திலிருந்தே படத்தின் தலைப்பு, சலான், நாடு, அங்கீகார எண், முடிவு என்று ஓர் எக்செல் தாளில் ஏற்றி வாருங்கள். பின்னால் சேகரிப்பது பெரும்பாடு.

ஒரு பிரிவுக்குப் பொதுவாக 4 படங்கள், 3 நடுவர்கள். ஒரு படத்தைச் சில வினாடிகளே பார்ப்பார்கள். மூவரும் தனித்தனியாகப் போடும் எண்களைக் கூட்டி, ஒரு வெட்டுக்கோட்டைத் தொட்டவை தேர்வாகும். இந்தக் கூட்டல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஆளுக்கு 5 மதிப்பெண், வெட்டுக்கோடு 10 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மிகவும் பிடித்து 5 போட்டு, மற்ற இருவர் 2, 2 போட்ட படம் 9-இல் நின்றுவிடும். மூவரும் 'பரவாயில்லை' என்று 3, 4, 3 போட்ட படம் 10 வாங்கி உள்ளே போய்விடும். துணிச்சலான படங்கள் சலானில் அடிபடுவதற்கும், பார்த்த மாத்திரத்தில் புரிகிற படங்கள் தேறுவதற்கும் இதுவே காரணம். ஒரே படம் ஓரிடத்தில் தங்கப் பதக்கமும் இன்னோரிடத்தில் நிராகரிப்பும் பெறுவது சர்வ சாதாரணம். ஒரு முறை தள்ளப்பட்டதற்காக ஒரு படத்தைக் கைவிடாதீர்கள். மூன்று நான்கு நடுவர் குழுக்களாவது பார்க்கட்டும். ஒரே கட்டணத்தில் மூன்று நான்கு சலான்களுக்குப் படம் போகும் 'சர்க்யூட்' வகை இதற்கு வசதி.

என் பறவைப் படம் நேச்சர் பிரிவில் தகுதியிழந்துவிட்டது. ஏன்?

நேச்சர் பிரிவின் வரையறைதான் எல்லாப் பிரிவுகளிலும் கண்டிப்பானது. பிஎஸ்ஏவும் ஃபியாப்பும் ஏறக்குறைய ஒரே வரையறையைப் பின்பற்றுகின்றன. வழக்கமாக இடிக்கும் இடங்கள் இவை.

மனிதன் செய்த பொருள் படத்தில் தெரியக் கூடாது. மீன்கொத்தி மின்கம்பியில் உட்கார்ந்திருந்தால் அது நேச்சர் இல்லை. பின்னணியில் மங்கலாகத் தெரியும் முள்வேலிக் கம்பம்கூட ஆபத்து. மனிதச் சூழலுக்குப் பழகிவிட்ட உயிரினத்தின் கதைக்கே அந்தப் பொருள் தேவை என்றால் விலக்கு உண்டு. ஓட்டு வீட்டு இடுக்கில் வாழும் கூகையைச் சொல்லலாம். ஆய்வாளர் போட்ட கால் வளையத்துக்கும் விலக்கு உண்டு. வளர்ப்பு விலங்கு, வீட்டுத் தோட்டத்துக் கலப்பினப் பூ இரண்டும் செல்லாது.

இரண்டாவது, திருத்தம். செதுக்கலாம் (கிராப்), சாய்வை நேராக்கலாம், சென்சார் தூசியை அழிக்கலாம், நாய்ஸ் என்ற புள்ளி இரைச்சலைக் குறைக்கலாம், முழுப் படத்தையும் கருப்பு வெள்ளையாக மாற்றலாம். குறுக்கே வந்த ஒரு குச்சியை அழிக்கக் கூடாது. ஓரங்களை இருட்டாக்கும் விக்னெட் சேர்க்கவும் கூடாது. இந்த விக்னெட் பலரைக் கவிழ்க்கிறது. லைட்ரூம் மென்பொருளில் பிரீசெட் என்ற ஆயத்தத் திருத்தம் ஒன்றைத் தட்டியிருப்பார்கள், அதற்குள் விக்னெட் ஒளிந்திருப்பது அவர்களுக்கே தெரியாது.

மூன்றாவது, வைல்ட்லைஃப் என்ற தனிப் பிரிவோ பரிசோ இருந்தால், விலங்கு கட்டுப்பாடில்லாமல் சுதந்திரமாக வாழ்வதாக இருக்க வேண்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவில் எடுத்த புலி அங்கே செல்லாது.

கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் படத்தை இந்தியப் போட்டிகள் பலவும் ஏற்பதில்லை. அது சரியான முடிவு. கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்கினால் வெயிலும் காக்கையும் உள்ளே வரும். பதக்கம் வாங்கிய படத்தின் குஞ்சு பிழைத்ததா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

கருப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புப் பொட்டு மட்டும் நிறமாக விடலாமா?

விடலாம், ஆனால் அது கலர் பிரிவுப் படம். மோனோக்ரோம் பிரிவில் முழுக்கச் சாம்பல் அளவுகளோ, முழுப் படத்துக்கும் ஒரே நிறச் சாயலோதான் இருக்க வேண்டும். செபியா ஏற்கப்படும், ஓரிடத்தில் செபியா, ஓரிடத்தில் நீலம் என்றால் ஏற்கப்படாது.

எவ்வளவு திருத்தலாம்? ரா பைல் கேட்பார்களா?

பெரிய போட்டிகள் கட்டாயம் கேட்கும். கேமராவிலிருந்து வந்த ரா பைலை, அதாவது திருத்தப்படாத மூலப் பைலை, அழிக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களையும் வைத்திருங்கள். சந்தேகம் வரும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிசைதான். வாட்சாப்பில் வந்த நகல் மட்டும் கையில் இருந்தால் அந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பவே வேண்டாம்.

செய்திப் படங்களில் இது எவ்வளவு கடுமை என்பதற்கு 2015-ஆம் ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோவைப் பார்க்கலாம். இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்தவற்றில் 20 சதவீதம், மூலப் பைலோடு ஒப்பிட்டபின் நீக்கப்பட்டது. எதையோ சேர்த்ததும் அழித்ததும்தான் காரணம். லண்டன் வனவிலங்குப் போட்டியில் 2009-இன் முதல் பரிசு, வேலியைத் தாண்டும் ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010 ஜனவரியில் பறிக்கப்பட்டது. 2017-இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படத்தில் இருப்பது பாடம் செய்யப்பட்ட உடல் என்று வல்லுநர்கள் சொன்னதால் 2018-இல் அதுவும் நீக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். ஆனாலும் பரிசு திரும்பவில்லை.

ஏஐ விஷயத்தில் குழப்பம் இரு பக்கமும் நடந்திருக்கிறது. 2023-இல் சோனி வேர்ல்ட் போட்டோகிராபி போட்டியில் போரிஸ் எல்டாக்சன் ஏஐ உருவாக்கிய படத்துக்குக் கிடைத்த பரிசை, இது புகைப்படமே இல்லை என்று சொல்லி மறுத்தார். 2024-இல் வேறொரு போட்டியில் மைல்ஸ் அஸ்ட்ரே கேமராவில் எடுத்த ஃபிளமிங்கோ படத்தை ஏஐ பிரிவில் அனுப்பிப் பரிசு வாங்கினார். உண்மை தெரிந்ததும் தகுதியிழந்தார்.

உங்களுக்குத் தேவையான எச்சரிக்கை இது: போட்டோஷாப்பின் ரிமூவ் டூல் புதிய பதிப்புகளில் தானாகவே ஜெனரேட்டிவ் ஏஐக்குத் தாவக்கூடும். மேலே உள்ள மோட் பட்டியலில் ஜெனரேட்டிவ் ஏஐ ஆஃப் என்று வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஒரு தூசியை அழிக்கப் போய், விதி தடை செய்த கருவியைத் தெரியாமலே பயன்படுத்தியவர்களாக ஆக வேண்டாம்.

பைலை எப்படித் தயார் செய்வது?

சலான்கள் கேட்பது வழக்கமாக அகலம் 1920, உயரம் 1080 பிக்சலுக்குள், எஸ்ஆர்ஜிபி நிறவெளி (திரைகளுக்கான பொதுவான நிற எல்லை), ஜேபெக், 2 எம்பிக்குள். சில போட்டிகளில் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: முழு அளவுப் படத்தில் திருத்தங்களை முடியுங்கள். நகலெடுங்கள். எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வெர்ட்' செய்யுங்கள். பிறகு அளவைக் குறையுங்கள். கடைசியாக லேசாக ஷார்ப்பன் செய்து (ஓரங்களைக் கூர்மையாக்கி), போட்டோஷாப்பில் 10 அல்லது 11 தரத்தில் சேமியுங்கள்.

கன்வெர்ட் செய்ய வேண்டிய இடத்தில், நிறவெளியின் பெயரை மட்டும் மாற்றும் 'அசைன்' செய்தால் நிறம் அப்போதே மாறிவிடும். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியில் விட்டுவிட்டால் நடுவரின் திரையில் தோல் நிறம் சாம்பல் பூத்துத் தெரியும். ஷார்ப்பனிங்கை அளவு குறைக்கும் முன்பே செய்தால் அது கரைந்து போகும். அதை ஈடுகட்ட மறுபடி கூட்டினால் ஓரங்களில் வெள்ளைக் கோடு எழும். நடுவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். பெயர், வாட்டர்மார்க் கூடவே கூடாது.

நின்ற படங்களுக்கு ஒரு பாதகம் இருக்கிறது. 3:2 விகிதத்தில் கிடைப் படம் 1620×1080 வரும். அதே கேமராவைத் திருப்பி எடுத்த நின்ற படம் 720×1080தான் வரும். திரையில் அதன் பரப்பு பாதிக்கும் குறைவு. நுணுக்கம் நிறைந்த நின்ற படம் இந்த அளவில் வாய் திறக்காது. அதைப் பிரிண்ட் பிரிவுக்கோ கண்காட்சிக்கோ எடுத்து வையுங்கள்.

தலைப்பு முக்கியமா?

சலானில் தலைப்புதான் படத்தின் அடையாளம். ஒரு படத்துக்கு ஒரே தலைப்பு, என்றைக்கும். அதன் கருப்பு வெள்ளைப் பதிப்பும் அதே படம்தான், அதே தலைப்புதான். வேறு பெயரில் அனுப்பி இரண்டு முறை கணக்குக் காட்டினால் தடை வரை போகும். தலைப்பில்லை என்று போடுவதும், கேமரா தந்த பைல் எண்ணையே போடுவதும் ஏற்கப்படாது.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் பட்ட கஷ்டத்தை மறந்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு மலை ஏறியது படத்தில் தெரியாது. எடுத்த சூட்டில் அனுப்பாமல் இரண்டு மாதம் ஆறப்போடுங்கள். பிறகு முப்பது படங்களை விரல் நக அளவில் ஒரே திரையில் பரப்பி, இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சிறு அளவிலும் கண்ணை இழுப்பவை நடுவரின் சில வினாடிகளைத் தாங்கும்.

எல்லோரும் எடுக்கும் படத்தை நடுவர்களும் நூறு முறை பார்த்திருப்பார்கள். ஆலமர விழுதுகளுக்கிடையே சாய்ந்து விழும் வெயில், புழுதி, ஆட்டு மந்தை, தலைப்பாகை கட்டிய மேய்ப்பர். கன்னத்தில் கை வைத்த சுருக்க முகப் பாட்டி. குலசேகரப்பட்டினம் தசராவில் நாக்கை நீட்டிய காளி வேடம். குழுவாகப் போய் ஒரே இடத்தில் நின்று எடுத்தால், ஒரே மேய்ப்பரின் பத்துப் படங்கள் ஒரே சலானுக்கு வரும். உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில், மற்றவர் நுழைய முடியாத ஓரிடத்தில் எடுத்த படத்துக்கு அந்தப் போட்டியாளர்கள் கிடையாது.

விதிமுறையில் எந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும்?

பயன்பாட்டு உரிமை பற்றிய வரியை. 'போட்டியைப் பற்றிய விளம்பரத்துக்கும் மலருக்கும், எடுத்தவர் பெயருடன்' என்றால் நியாயம். 'அனுப்பப்படும் எல்லாப் படங்களையும் எந்த நோக்கத்துக்கும் காலவரையின்றி இலவசமாகப் பயன்படுத்தலாம்' என்றால், அது பரிசுத் தொகை விலைக்கு ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்க்கும் வழி. விலகிவிடுங்கள். நடுவர்கள் பெயரே இல்லாதது, ஜெயித்த பிறகு சான்றிதழுக்கும் கோப்பைக்கும் தனியே பணம் கேட்பது, அனுப்பிய எல்லோருக்கும் ஏதோ ஒரு பரிசு வருவது ஆகியவையும் அதே ரகம்.

கல்யாண வேலையில் எடுத்த படத்தை அனுப்பலாமா?

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான்; வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே மாறும். எனவே முன்பணம் வாங்கும்போதே 'போட்டி, கண்காட்சிக்குப் படங்களைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். சட்டம் ஒருபுறம், மரியாதை ஒருபுறம்: அழுகிற மணப்பெண்ணின் படம் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தனியாகக் கண்காட்சி வைக்க எத்தனை படங்கள் வேண்டும்?

15 முதல் 25. நாற்பது வைத்தால் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது. ஒரே பொருளில் தொடர்புள்ள படங்களாக இருக்கட்டும். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி, முட்டுக்காடு தட்சிணசித்ரா, கொழும்பில் லயனல் வென்ட் போன்ற இடங்களுக்கு மாதக்கணக்கில் முன்பே எழுத வேண்டும். விண்ணப்பத்துடன் 10 முதல் 15 படங்கள், 200 சொல்லுக்குள் ஓர் அறிமுகம், பிரிண்டின் அளவு, தேவைப்படும் சுவர் நீளம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். சுவர் நீளத்தைக் குறிப்பிட்டிருக்கும் விண்ணப்பத்தைப் பார்த்தாலே, வேலை தெரிந்தவர் என்று எதிர்ப்பக்கம் புரிந்துகொள்ளும்.

எவ்வளவு பெரிதாகப் பிரிண்ட் போடலாம்?

பிக்சலை அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000×4000. அதை 18×12 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 333 பிக்சல், மிகத் தெளிவு. 30×20-இல் 200, நன்றாகவே இருக்கும். 36×24-இல் 167, நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்குப் போதும். படத்தைப் பாதியாகச் செதுக்கியிருந்தால் செதுக்கிய பிறகு மிஞ்சிய பிக்சலை வைத்துக் கணக்குப் போடுங்கள். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்டில் இருட்டாக வருகிறதே?

பெரும்பாலும் குற்றம் திரையின் மேல்தான். லேப்டாப் வெளிச்சம் முழுதாக இருக்கும். கண் அதை நம்பிப் படத்தை இருட்டாக்கிவிடும். திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்குக் குறைத்து அளவுக்கருவியால் சரிபார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். கருவி இல்லையா? ஒரு வெள்ளை ஏ4 தாளை அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை அந்தத் தாளைவிடப் பளீரென்று எரிவது நிற்கும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். பிரிண்ட் போடும் இடத்தில், அவர்களின் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஐசிசி பிரொஃபைல் பைலைக் கேட்டு வாங்கிச் சாஃப்ட் புரூஃப் பாருங்கள், அதாவது அச்சின் தோற்றத்தைத் திரையிலேயே பாருங்கள்.

முழு அளவு போடும் முன், முகமும் ஆழ்ந்த நிழலும் வரும் பகுதியை மட்டும் 8×3 அங்குலப் பட்டையாக, மூன்று வெளிச்ச அளவுகளில் அச்சிடச் சொல்லுங்கள். அந்தப் பட்டையை எந்த விளக்கின் கீழ் படம் தொங்கப் போகிறதோ அதன் கீழே வைத்துப் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் சரியாகத் தெரிந்தது காலரியின் மஞ்சள் ஒளியில் சேறாகத் தெரியலாம்.

மேட் காட்டன் தாளில் கருப்பு கொஞ்சம் வெளிறித்தான் நிற்கும். மூடுபனிக்கும் மென்மையான முகங்களுக்கும் அது அழகு. இரவுப் படங்களுக்குப் பளபளப்புள்ள பேரைட்டா அல்லது லஸ்டர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் போடுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

பிரிண்ட் கண்ணாடியைத் தொடவே கூடாது. சென்னை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலம் போதும், தாளின் மேற்பரப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். நடுவே பிரிண்டைச் சுற்றி வரும் மவுண்ட் போர்டு அட்டை வேண்டும், அமிலமில்லாத வகையாக. 18×12 பிரிண்டுக்கு நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டால் 24×18 ஃபிரேம் சரியாக அமையும். பிரிண்டை மேல் விளிம்பில் மட்டும் அமிலமில்லாத டேப்பால் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையடிக்கும். சன்போர்டு என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகையில் ஒட்டித் தருவது மலிவு, ஒரு வாரக் காட்சிக்குப் பழுதில்லை. விற்கிற பிரிண்டுக்கு அது கூடாது. ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடு தரையிலிருந்து 57 அங்குலத்தில் வர வேண்டும். ஆணி அடிக்கும் உயரத்துக்குக் கணக்கு: 57-உடன் ஃபிரேம் உயரத்தில் பாதியைக் கூட்டி, ஃபிரேமின் முதுகில் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் அது ஃபிரேமின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 18 அங்குல உயர ஃபிரேம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால் 57 + 9 − 3 = 63. அளவு வேறான ஃபிரேம்கள் கலந்திருந்தாலும் நடுக்கோடு ஒன்றாக இருக்கட்டும். மேல் விளிம்பை ஒன்றாக்க முயலாதீர்கள்.

இடைவெளிக்கு: 30 அடிச் சுவர் 360 அங்குலம். 24 அங்குல அகலத்தில் 8 படங்கள் 192. மிச்சம் 168-ஐ, இரு ஓரங்களும் சேர்த்து, ஒன்பது இடைவெளிக்குப் பிரித்தால் 18 அங்குலத்துக்குச் சற்று மேல், மூச்சுவிட இடமுண்டு. படங்களைப் பத்தாக்கினால் இடைவெளி 11-க்கும் கீழே போய்விடும், படங்கள் ஒன்றையொன்று இடிக்கும். விளக்கு மேலிருந்து சுமார் 30 பாகை சாய்ந்து விழட்டும். நேர் எதிரே வைத்தால் கண்ணாடியில் பார்ப்பவர் முகம்தான் தெரியும்.

விலை எப்படி வைப்பது?

பிரிண்ட், ஃபிரேம், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். காலரிகள் பொதுவாக 30 முதல் 50 சதவீதம் எடுத்துக்கொள்ளும். செலவு 6,000 ரூபாய், காலரிப் பங்கு 40 சதவீதம் என்றால், 10,000-க்கு விற்றால் உங்கள் கையில் செலவு மட்டும்தான் திரும்பும். அதற்கு மேல்தான் உங்கள் உழைப்பின் விலை. எடிஷன் (இத்தனை பிரிண்ட்தான் என்ற வரம்பு) வைப்பதாக இருந்தால் 10 என்று சொன்ன பிறகு பதினோராவது பிரிண்ட் போடாதீர்கள், வேறு அளவில்கூட. வாங்கியவர் உங்களை நம்பித்தான் வாங்கினார். பிரிண்டின் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 3/10 என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

விற்காத படங்களை என்ன செய்வது?

இறக்கும் அன்றே ஃபிரேமின் மூலைகளில் அட்டை மாட்டி, முகத்துக்கு முகம் வைத்து, நடுவே ஃபோம் ஷீட் கொடுத்து, நிற்க வைத்து எடுத்துப் போங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ள கண்ணாடி உடையும். வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழையில் சுவர் ஈரம் முதுகு வழியே ஏறிப் பூஞ்சை பிடிக்கும். உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி, துணி போர்த்தி வையுங்கள். பபிள் ரேப்பில் மாதக்கணக்கில் சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்; குமிழியின் வட்டங்கள் பிரிண்டின் மேல் பதிந்துவிடும்.